நுண்கால்வாயில் கலத்தல்: எந்த மாதிரி எதற்கு உதவும்?

100 மைக்ரோமீட்டர் அகலக் கால்வாயில் நீர் நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிட்டால் நிலைமத்தின் வலு எவ்வளவு என்பதன் அளவு) வெறும் 1. கொந்தளிப்புக்கு வழியே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் விட்ட இரு திரவங்கள் அப்படியே போய்க்கொண்டிருக்கும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறு விரவலை (தானாகவே பரவுவதை) மட்டும் நம்பி மறுபக்கம் சேர ஏறக்குறைய 100 நொடி ஆகும். அதற்குள் நீர் ஒரு மீட்டர் கடந்திருக்கும். அதனால்தான் கால்வாயின் தரையில் மீன்முள் போன்ற V வடிவப் பள்ளங்களைச் செதுக்கி, நீரைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். ஓட்டம் சீராகவே இருக்கும், துகள்களின் பாதை மட்டும் கேயாஸ் ஆகும்: அருகருகே தொடங்கிய இரு துகள்கள் விரைவில் வெகுதூரம் விலகிவிடும். கலக்கத் தேவையான நீளமும் பெக்லெட் எண்ணோடு (விரவலைவிட ஓட்டம் எத்தனை மடங்கு வேகம் என்பதன் அளவு) நேராக ஏறாமல், அதன் மடக்கையோடு மெதுவாக ஏறும்.

இதைக் கணக்கிட எளிய வழி, ஹசன் ஆரெஃப் 1984இல் தந்த மாதிரி: இரண்டு சுழல்கள், ஒன்று நின்றால் மற்றது ஓடும். மாறும் கால இடைவெளியைக் கூட்டக் கூட்டக் கேயாஸ் பரவுவதை ஒரு மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம். பள்ளங்களின் முனை இடமும் வலமுமாக மாறுவது ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. ஆனால் வடிவமைப்புக்கு இதை நம்பக் கூடாது. சுவரை ஒட்டி நீர் நின்றுபோவதும், நடுவில் விரைவதும் இதில் இல்லை. நிஜத்தில் கலத்தலை இழுத்தடிப்பது அந்தச் சுவரோரம்தான்.

பள்ளத் தரையைப் பக்கவாட்டில் நகரும் தரையாகப் பாவிக்கும் மாதிரி ஒரு படி மேல். ஆழம் குறைந்த பள்ளங்களுக்குச் சரி. ஆழம் கூடினால் பள்ளத்துக்குள் நடக்கும் ஓட்டம் இதில் தெரியாது.

என் தேர்வு மேப்பிங் முறை. 1951இலேயே ஸ்பென்சரும் வைலியும் சொன்ன யோசனை இது. குறுக்குவெட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு சுற்றுப் பள்ளங்களைக் கடக்கும்போது ஒவ்வொரு கட்டத்துத் திரவமும் எங்கெங்கே போகிறது என்று ஒருமுறை அணியாக (எண்களின் அட்டவணையாக, matrix) எழுதிவிட வேண்டும். பிறகு பெருக்கல்தான் வேலை. பத்துச் சுற்றோ நூறு சுற்றோ, செலவு பெரிதாக ஏறாது. பள்ள வரிசையை மாற்றிப் பார்ப்பதற்கும் அணிகளின் வரிசையை மாற்றினால் போதும். கால்வாய் முழுவதின் ஓட்டத்தையும் கணினியில் தீர்க்கும் முழு முப்பரிமாணக் கணிப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒரு பொறி உண்டு. கட்டத்துக்குள் செறிவைச் சராசரியாக்குவதால் இல்லாத விரவல் ஒன்று நுழைந்து, கலவையை உள்ளதைவிட நன்றாகக் காட்டும். முழுக் கணிப்பும் இதிலிருந்து தப்பாது என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. கட்டங்களைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை நகர்ந்தால் முதல் விடையை எடுக்காதீர்கள்.