"டெஸ்டர் பீஸ்" என்று சொல்லி விற்கும் சென்ட்டை வாங்காதீர்கள்

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "டெஸ்டர் பீஸ் சார், சரக்கு ஒரிஜினல், டப்பா மட்டும் இருக்காது" என்று யாராவது பத்தாயிரம் ரூபாய் பெர்ஃப்யூமை மூவாயிரத்துக்குள் தந்தால் வாங்காதீர்கள். நான் இரண்டு பாட்டில் வாங்கினேன். 5,600 ரூபாய் போயிற்று. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதில் ஒன்றை என் தங்கை கணவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மதுரையில் மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். காலை எட்டரைக்கு பைக்கை எடுத்தால் இரவு ஒன்பதரை வரை வெயிலும் புகையும்தான். டாக்டர் அறைக்குள் எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். வியர்வை நாற்றத்தோடு உள்ளே போனால் அந்த இரண்டு நிமிடமும் ஒன்றாகக் குறைந்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் சென்ட் ஆடம்பரம் இல்லை, அயர்ன் செய்த சட்டை மாதிரி அதுவும் அவசியம். என் அப்பா குளித்துவிட்டு வந்ததும் ஒரு சிட்டிகை ஜவ்வாதைக் குழைத்துக் கழுத்தில் தடவிக்கொள்வார். கல்யாணம், திருவிழா என்றால் அத்தர் தொட்ட பஞ்சு காது மடலில் இருக்கும். நான் பவுடரில் தொடங்கி, கல்லூரியில் பாடி ஸ்ப்ரேக்கு மாறி, வேலைக்கு வந்த பிறகுதான் பெர்ஃப்யூம் பக்கம் போனேன்.

எங்கள் ஏரியா மேனேஜர் போட்டிருந்த ஒரு வாசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேட்டபோது டியோர் சவாஜ் என்றார். 2015-இல் வந்தது, ஆண்களுக்கானது. தொடக்கத்தில் பெர்கமாட்டும் மிளகும் சுள்ளென்று தெரியும். அவை அடங்கிய பிறகு அம்ப்ராக்சான் என்ற பொருளின் வாசனை மணிக்கணக்கில் நிற்கும். கடையில் விசாரித்தால் 100 மில்லி கிட்டத்தட்ட பத்தாயிரம். என் சம்பளத்துக்கு அது எட்டாத விலை. விட்டுவிட்டேன்.

விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தங்கை கணவர் ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிறார், குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள் என்றதும் மாப்பிள்ளைக்கு நல்லதாக ஏதாவது தர வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் இன்ஸ்டாவில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். அடுக்கடுக்காகப் பாட்டில்கள், கூரியர் ரசீதுப் படங்கள், "அண்ணா செம, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்று வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட்டுகள். ஒன்று 2,900 ரூபாய், இரண்டாக எடுத்தால் 5,600. கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. கூரியரைப் பிரிக்கும்போது இடையில் வெட்டாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். இவ்வளவு கறாராக இருக்கிறார்கள், அப்படியானால் நேர்மையானவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த வீடியோவில் உடைந்த பாட்டிலைக் காட்டலாம். உள்ளே இருக்கும் திரவம் போலி என்று எந்த வீடியோவிலும் காட்ட முடியாது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் விசாரிக்காமல் வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாட்டிலின் அடியில் பேட்ச் கோடு இருக்கும், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். பேட்ச் கோடைப் போட்டால் தயாரித்த தேதியைக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. அங்கே போட்டுப் பார்த்தேன், சரியான தேதி வந்தது. அதை நம்பித்தான் பணம் அனுப்பினேன். நான் ஏமாந்தது இங்கேதான், உங்களில் பலரும் இங்கேதான் ஏமாறுவீர்கள். அந்தத் தளம் சொல்வது, இப்படி ஒரு கோடுக்கு இன்ன தேதி என்பதை மட்டும்தான். உங்கள் கையில் இருக்கும் பாட்டில் அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஓர் அசல் பாட்டிலில் இருக்கும் கோடைப் பார்த்து ஆயிரம் போலிப் பாட்டில்களில் அடித்துவிடலாம். தீர்ந்துபோன அசல் பாட்டில்களைக் காசு கொடுத்து வாங்கி மறுபடி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிரப்பியதில் பாட்டில், கோடு எல்லாமே அசல்தான், உள்ளே இருப்பது மட்டும் வேறு.

டெஸ்டர் என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் அடித்துப் பார்க்க கம்பெனி கடைக்காரருக்குத் தரும் பாட்டில் அது. சாதாரண வெள்ளை அல்லது பழுப்பு அட்டையில் வரும், விற்பனைக்கு அல்ல என்று அதிலேயே போட்டிருக்கும். கடைக்கு ஒன்றோ இரண்டோ வரக்கூடிய பொருள். அப்படியிருக்க, ஒரு ஆளிடம் வாரா வாரம் எல்லா பிராண்டிலும் ஐம்பது நூறு டெஸ்டர் எப்படி வந்து சேரும்? விலை குறைவாக இருப்பதற்கும், டப்பா இல்லாததற்கும், அதில் இருக்க வேண்டிய இறக்குமதி ஸ்டிக்கர் இல்லாததற்கும் ஒரே சொல்லில் காரணம் சொல்ல அது வசதியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

பாட்டில் வந்தது. கனமாகவே இருந்தது, மூடி காந்தம் வைத்த மாதிரி டக்கென்று உட்கார்ந்தது. மணிக்கட்டில் அடித்துப் பார்த்தேன். அதே வாசனை! எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றைப் பரிசுக்கென்று எடுத்து வைத்துவிட்டு மற்றதை மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். முதல் டாக்டரைப் பார்ப்பதற்குள் வாசனை போய்விட்டது. சட்டைக் காலரில் புளித்த மாதிரி ஒரு வாடை மட்டும் தங்கியது. மாலையில் வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒரு கறை.

அந்தப் பக்கத்தில் கேட்டேன். பதில் உடனே வந்தது, ரொம்ப மரியாதையாகவும் வந்தது. "அண்ணா, புது பாட்டில் அப்படித்தான் இருக்கும். மேசரேஷன் ஆகணும். அஞ்சாறு தடவ அடிச்சுட்டு மூணு வாரம் இருட்டுல வைங்க, அப்புறம் பாருங்க." இந்த மேசரேஷன் பேச்சைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாசனை எண்ணெயை ஆல்கஹாலோடு கலந்து சில வாரங்கள் ஊறவிடுவது நிஜமாகவே உண்டு. ஆனால் அது பாட்டிலில் நிரப்புவதற்கு முன்பே தயாரிக்கும் இடத்தில் முடிந்துவிடும் வேலை. பத்தாயிரம் ரூபாய் பொருளை வாங்கியவர் வீட்டு பீரோவில் ஊறப்போட வேண்டிய தேவை என்ன? அவர்களுடைய ரிட்டர்ன் கெடு ஏழு நாள். என்னை மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னது எதற்காக என்பது அந்த ஏழாம் நாள் கடந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில்தான் காதுகுத்து. அந்தப் பேச்சை அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்ததால் பரிசைக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை அன்று காலை சவரம் செய்துவிட்டு, நான் கொடுத்தேன் என்பதற்காகவே அதைக் கழுத்தில் நன்றாக அடித்துக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் கழுத்து சிவந்து தடித்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கைதான் இரவில் போன் செய்து, "அண்ணே, அவருக்கு கழுத்தெல்லாம் எரியுதாம், உன்கிட்ட சொல்ல வேணாம்ங்கறாரு" என்றாள். அவர் ஷார்ஜாவில் வருஷக்கணக்காக அதே சவாஜைத்தான் போடுகிறார். எனக்கு அது தெரியாது. மறுநாள் போனபோது, "மச்சான், இத எங்க வாங்குனீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்து வந்து வைத்தார்.

இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. ஒரு கையில் அவருடையது, மறு கையில் என்னுடையது. முதல் பத்து நிமிடம் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் என்னுடையது ஸ்பிரிட் வாடையாகிவிட்டது. அவருடையது சாயங்காலம் கை கழுவிய பிறகும் இருந்தது. சீக்கிரம் ஆவியாகிவிடும் மேல் வாசனையை மட்டும் அப்படியே கொண்டுவந்தால் போதும், வாங்குகிறவர் ஏமாந்துவிடுவார். நாம் மூடியைத் திறந்து அடித்து, முகர்ந்து, சரி என்று முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லையே. பாட்டிலில் இருந்த பொடி எழுத்துகளும் வேறாக இருந்தன. அவருடையதில் மழமழவென்று கூர்மையாக அச்சாகியிருந்தது, என்னுடையதில் எழுத்தின் ஓரம் கசிந்திருந்தது. ஸ்ப்ரே அவருடையதில் மூடுபனி மாதிரி விரிந்தது, என்னுடையதில் துளியாகத் தெறித்தது.

எனக்குப் பழக்கமான தோல் டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். காண்டாக்ட் டெர்மடைடிஸ், அதாவது தோலில் பட்ட பொருளால் வரும் அழற்சி என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார், ஒரு வாரத்தில் சரியானது. அசல் சென்ட்டிலும் சிலருக்கு இப்படி வரும், எந்தப் பொருளால் வந்தது என்பதை, சந்தேகப்படும் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னார். அதனால் அந்தப் பாட்டிலில் விஷம் இருந்தது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அசல் என்றால் டப்பாவில் பொருட்களின் பட்டியலாவது அச்சடித்திருக்கிறது. போலியில் என்ன இருக்கிறது என்பது நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். இன்னொன்றும் சொன்னார்: சவரம் செய்த உடனே அந்த இடத்தில் எந்த சென்ட்டும் அடிக்கக் கூடாது. நம்மில் பாதிப் பேர் தினமும் செய்வது அதுதான்.

பணத்தைக் கேட்டேன். முதலில் "உங்க ஸ்கின் டைப் அப்படி அண்ணா" என்றார்கள். அப்புறம் கெடு முடிந்தது என்றார்கள். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். விற்றவரின் பெயர், முகவரி கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு தனி நபர் பெயரில் உள்ள யுபிஐ ஐடி மட்டும். இணையத்தில் விற்பவர்கள் தங்கள் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் குறை தீர்ப்பவர் விவரத்தையும் காட்ட வேண்டும் என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பணம் அனுப்புவதற்கு முன்பு நான் தேடியிருக்க வேண்டியது பேட்ச் கோடை அல்ல, இதைத்தான். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிந்தேன், ஆனால் அதற்குள் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஏமாந்தது தெரிந்த அன்றே அதற்குப் போன் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி இருக்கும். எனக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இந்தியாவுக்கு முறையாக இறக்குமதியான பெர்ஃப்யூம் என்றால் டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டில் தயாரானது, எந்த மாதம் வந்தது, பதிவுச் சான்றிதழ் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கலாம்தான். ஆனால் பில்லும் ஸ்டிக்கரும் தருகிற கடை என்றால், பிரச்சினை வந்தால் போய் நிற்க ஓர் இடமாவது இருக்கும்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சொந்தப் பெயரில் வரும் மலிவான சென்ட்டே போதும். டைட்டனின் ஸ்கின் இருக்கிறது, அஜ்மல் இருக்கிறது. பெரிய பிராண்டுகளின் சாயலில் செய்து, ஆனால் தங்கள் பெயரையே போட்டு விற்கும் துபாய் கம்பெனிகள் இருக்கின்றன. அர்மாஃப் அப்படித்தான். வாசனை சாயலாக இருப்பது வேறு, அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பது வேறு. "ஃபர்ஸ்ட் காப்பி", "மாஸ்டர் காப்பி", "7ஏ குவாலிட்டி" என்று காதில் விழுந்தால் அது இரண்டாவது வகை. மாலில் கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கேட்க நம் ஆண்கள் பலருக்குக் கூச்சம். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் போனில் வாங்கினேன். போய்க் கேளுங்கள். கையில் அடித்துவிட்டு மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்து வாங்கலாம், வாங்காமலும் வரலாம்.

தீர்ந்துபோன நல்ல பாட்டில் வீட்டில் இருந்தால் அப்படியே பழைய கடைக்குப் போடாதீர்கள். யாரும் மறுபடி நிரப்பாதபடி மேல் பம்பை உடைத்துவிட்டுப் போடுங்கள்.

மாப்பிள்ளை திரும்பிப் போகும்போது தன் பாட்டிலை, பாதிக்கு மேல் இருந்ததை, என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று இரவு பார்த்த ஒரு பக்கம். பெயர் புதுசு, அதே படங்கள், அதே ஸ்கிரீன்ஷாட்டுகள். "டெஸ்டர் ஸ்டாக் வந்தாச்சு, தீபாவளி ஆஃபர், ரெண்டு எடுத்தா 4,999."