மகளோடு மூன்று வருடம்: அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்கு உதவிய தளங்களும் வீடியோக்களும்

மகள் நியூ ஜெர்சியில் எட்டாவது படிக்கும்போது அமெரிக்க வரலாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. நானும் கணவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். பானிபட் போரைக் கேட்டால் சொல்லிவிடுவோம், மிசௌரி சமரசம் என்றால் முழிப்போம். அதனால் ஆன்லைனில் கிடைத்ததையெல்லாம் முயன்று பார்த்தோம். இப்போது பதினொன்றாவது முடிகிறது. மே மாதம் ஏபி தேர்வும் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடத்துக்கான தேர்வு) எழுதிவிட்டாள்.

நான் செய்த முதல் தப்பு, வீடியோக்களை மலை போல நம்பியது. உள்நாட்டுப் போரைப் பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற வேகமான வீடியோக்கள் நிறைய உண்டு. பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள், "1877ல் தெற்கு மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைகளை ஏன் விலக்கினார்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. 1876 தேர்தல் தகராறு, அதைத் தீர்க்க நடந்த பேரம், அதோடு கறுப்பின மக்களின் உரிமைகள் கைவிடப்பட்டது எல்லாம் வீடியோவில் இருந்தது. அரை நிமிடத்தில் ஓடிப்போயிருந்தது. அப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். பாதியில் நிறுத்து, திரையை மூடு, நான்கு வரி எழுது. கான் அகாடமியில் பாடத்தோடு கேள்விகளும் வருவதால் அங்கே இந்த வேலை கொஞ்சம் குறைந்தது.

பணம் கட்டிய ஒரே விஷயம் ஒரு ஃபிளாஷ் கார்டு ஆப். அதில் பிற மாணவர்கள் போட்ட கார்டுகள்தான் அதிகம். பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது அரசியலமைப்பின் 15வது திருத்தம் என்று ஒரு கார்டு! அது 1870ல் இன அடிப்படையில் ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்றது. பெண்களுக்கு 1920ல் வந்த 19வது திருத்தம். சந்தாவை நிறுத்த மறந்து இன்னொரு வருடப் பணமும் போனது, அது என் தப்பு.

உண்மையில் திருப்பிப் போட்டது, ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய இலவச ஆவணப் பாடங்கள். 1775 ஏப்ரல் 19, அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் முதல் துப்பாக்கிச் சூடு யாருடையது? ஒரு பக்கம் பிரிட்டிஷ் அதிகாரியின் நாட்குறிப்பு: அவர்கள்தான் சுட்டார்கள் என்கிறது. இன்னொரு பக்கம் பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்ற வீரர்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம்: நாங்கள் கலைந்து போகும்போது சுட்டார்கள் என்கிறது. மகள் இரண்டையும் படித்துவிட்டு, "அம்மா, ரெண்டு பேருமே பொய் சொல்லலாம் இல்ல?" என்றாள். அன்றைக்குச் சோறு ஆறிப்போகும் வரை பேசினோம். ஏபி தேர்வில் ஏழு ஆவணங்களை வைத்து ஒரு மணி நேரத்தில் கட்டுரை எழுத வேண்டும். இந்தப் பழக்கம் அங்கே நேராகக் கைகொடுத்தது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் டாக்ஸ்டீச் தளமும் இலவசம்தான். மூல ஆவணங்களையே திரையில் பார்த்து வேலை செய்யலாம். பழைய கையெழுத்தைப் படிக்கத்தான் கண் வலிக்கும், சரி பரவாயில்லை.

எனக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். 1924 குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்குக் கிட்டத்தட்டக் கதவைச் சாத்தியது, 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது என்று அவளுக்கு உதவப் போய்த்தான் நான் படித்தேன். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். விசா பாரங்களை மனப்பாடமாகச் சொல்வேன், இது தெரியாது.

மகளின் தம்பி இப்போது ஆறாவது. அவனுக்கு ஐசிவிக்ஸ் விளையாட்டுகள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சான்ட்ரா டே ஓ'கானர் 2009ல் தொடங்கிய தளம் அது. அதில் ஒரு விளையாட்டில் வக்கீல் அலுவலகம் நடத்தி, வருகிறவர்களுக்கு எந்த உரிமை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடம் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.