நகரத்துச் சிறு கல்லூரி தேடித் தருவதாகச் சொல்லி 4,800 டாலர் வாங்கியவர்கள்: பெற்றோர் கவனத்திற்கு

நேற்றிரவு வந்த மின்னஞ்சலைப் படித்த பிறகு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஏற்ற கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் இணையவழி ஆலோசனை நிறுவனத்திடம் ஆகஸ்ட் மாதம் 4,800 டாலர் கொடுத்தேன். அந்தப் பணம் திரும்பி வராது என்பதுதான் நேற்றைய மின்னஞ்சலின் சாரம். நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாமென்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

என் மகள் கேட்டது அரிய பொருத்தம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கானோர் அமரும் அரங்குகளில் பாடம் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. பேராசிரியரே நடத்துகிற, பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சிறிய வகுப்புகள் வேண்டும் என்றாள். அதேசமயம் வயல்களுக்கு நடுவே நான்கு ஆண்டுகள் இருக்க முடியாது, கார் இல்லாமல் பேருந்திலோ ரயிலிலோ ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்வர முடிய வேண்டும் என்றும் சொன்னாள். இளநிலைப் படிப்பையே மையமாக வைத்து, சிறிய வகுப்புகளில் பல துறைப் பாடங்களைக் கற்பிக்கும் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவை சிற்றூர்களிலேயே தோன்றி, அங்கேயே வளர்ந்தவை. நகரத்துக்குள்ளேயே இருப்பவை என்று தேடினால் செயின்ட் பாலில் மக்காலெஸ்டர், லாஸ் ஏஞ்சலிஸில் ஆக்ஸிடென்டல், போர்ட்லண்டில் ரீட், நியூயார்க்கில் பெண்களுக்கான பார்னார்டு, ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி, மெம்ஃபிஸில் ரோட்ஸ் என்று ஒரு சிறு பட்டியல்தான் தேறுகிறது. நாங்கள் இங்கே கல்லூரி படித்தவர்கள் அல்லர். எனவே இவ்வளவு குறுகிய தேடலுக்கு உள்விவரம் தெரிந்தவர்கள் துணை வேண்டும் என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கை எந்த நிமிடத்தில் உறுதியானது என்பது எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. காணொலி அழைப்பில் வந்த ஆலோசகர் தமிழில் பேசினார். என்னை ‘அக்கா’ என்றார். என் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு அதை அவளுக்கே திரும்பப் படித்துக் காட்டினார். அருங்காட்சியகத்தைக்கூட அவர் விட்டுவிடவில்லை. “இதுவரை என்னிடம் யாருமே இப்படிக் கேட்டதில்லை, அம்மா” என்று அவள் அன்றிரவு சொன்னாள். “உங்கள் பெண் எனக்கும் பெண்தான் அக்கா, ஸ்காலர்ஷிப்போடு இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு” என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டணம் 5,000 டாலர், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினால் 4,800 என்றார். அன்றே அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் கார்டு நிறுவனத்திடம் முறையிட வழி இருந்திருக்கும்; 200 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன். வங்கியில் கேட்டபோது, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்துப் பன்னிரண்டு கல்லூரிகளின் பட்டியல் வந்தது. ஓஹையோவில் கேம்பியர் என்ற சிற்றூரில் இருக்கும் கென்யன் கல்லூரிக்கு நேரே, இடம் ‘கொலம்பஸ் நகரம்’ என்று எழுதியிருந்தார்கள். அங்கிருந்து கொலம்பஸுக்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பொமோனா கல்லூரி பொமோனா நகரில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். அது 1887-இல் அங்கே தொடங்கப்பட்டது உண்மைதான்; ஆனால் இடம் மாறி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மிக நீண்ட காலமாகக் கிளேர்மான்டில் இயங்கி வருகிறது. இவை நல்ல கல்லூரிகள், அதில் ஐயமில்லை. ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்பதைக்கூடப் பார்க்காதவர்கள்தான் என் மகளுக்கு எது பொருந்தும் என்று சொல்ல 4,800 டாலர் வாங்கியிருக்கிறார்கள். பார்னார்டுக்கு நேரே ‘மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்க நல்ல வாய்ப்பு’ என்றிருந்தது; அதாவது மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தரும் உதவித்தொகை. குடும்பத்தின் பொருளாதாரத் தேவையை வைத்து மட்டுமே பார்னார்டு உதவித்தொகை தருகிறது; மெரிட் ஸ்காலர்ஷிப் என்பதே அங்கு இல்லை. இதை அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் என் மகளே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

வளாகப் பயணம் இதைவிட மோசம். இரண்டு கல்லூரிகளில் பெயர் பதிவுசெய்து, சேர்க்கை அலுவலரைத் தனியே சந்திக்க ஏற்பாடு செய்திருப்பதாக எழுத்தில் கொடுத்திருந்தார்கள். விமானத்தில் போய் இறங்கினோம். இரண்டு இடத்திலும் எங்கள் பெயர் இல்லை. முதல் கல்லூரியின் வரவேற்பறையில் இருந்த மாணவி இரக்கப்பட்டு எங்களை அடுத்த குழுவோடு சேர்த்துவிட்டார். வளாகச் சுற்றுக்குக் கட்டணமே கிடையாது, வீட்டிலிருந்தே யாரும் நேரடியாகப் பதிவு செய்யலாம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சுற்று முழுவதும் என் மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வளர்ந்த பெண், என் மனம் வருந்தக் கூடாது என்று பேசாமல் நடந்தாள். பணத்தை விட எனக்கு ஆறாதது அதுதான்.

திரும்பி வந்து கேட்கத் தொடங்கினேன். ஆலோசகர் பயணத்தில் இருக்கிறார் என்றார்கள். பிறகு அவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார் என்றார்கள். மூன்றாவது மின்னஞ்சலுக்கு ஒரு புகார் எண் வந்தது, நான்காவதற்கு அதே புகார் எண் மீண்டும் வந்தது. இதற்கிடையில், பட்டியலின் முதல் கல்லூரிக்கு நவம்பர் 1-க்குள் ஏர்லி டெசிஷன் முறையில் விண்ணப்பித்துவிடுங்கள் என்று மட்டும் வாரம் இருமுறை நினைவூட்டல் தவறாமல் வந்தது. அந்த முறையில் இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும், மாணவரோடு பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்பதை அந்த நினைவூட்டல்கள் ஒன்றிலும் சொல்லவில்லை. பள்ளி ஆலோசகர் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் நான் கையொப்பமிட்டிருப்பேன்.

நேற்றைய பதில் ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு’ என்று தொடங்கியது. அக்கா என்று அழைத்த நிறுவனம்தான் அது. பட்டியலை அனுப்பியதோடு சேவை நிறைவடைந்தது, 4,800 டாலரில் ஒரு பகுதியும் திருப்பித் தர இயலாது, இடம் பற்றிய தகவல்கள் ‘வழிகாட்டுதலுக்கு மட்டுமே’ என்று எழுதியிருந்தார்கள். நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார் பக்கத்தில் பதிவு செய்துவிட்டேன். அவர்கள் என் பணத்தை வாங்கித் தர மாட்டார்கள், ஆனாலும் பதிவில் இருக்கட்டும்.

மற்றவர்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் உறுதி சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள், ஐ.ஈ.சி.ஏ. என்ற ஆலோசகர் சங்கம் தன் உறுப்பினர்கள் அப்படி உத்தரவாதம் தருவதையே அனுமதிப்பதில்லை. வங்கியிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள், முழுத்தொகையை முன்கூட்டிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட, கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். பல கல்லூரிகள் தங்களைப் பற்றி ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான காமன் டேட்டா செட்டில் வகுப்புகளின் அளவும், எத்தனை சதவீதம் பேர் விடுதியில் தங்குகிறார்கள் என்பதும் இருக்கும். இரண்டும் இலவசம். நகரத்தில் இருக்கிறதா என்பதற்கு வரைபடத்தைத் திறந்து, வளாக வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

நவம்பர் 1-க்கு இன்னும் ஒன்பது நாள்கள்தான் இருக்கின்றன. நாங்கள் ஏர்லி டெசிஷனை விட்டுவிட்டு, ஜனவரி கெடு உள்ள கல்லூரிகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகள் காகிதமும் பேனாவுமாக மேசையில் காத்திருக்கிறாள், நான் போக வேண்டும்.