மழை வரும்னு தெரிஞ்சே டிக்கெட் விக்கிறவங்க இருக்காங்க, உஷாரு

இதை நான் 2021லயே எழுதியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். முந்தாநேத்து அக்கா பையன் லண்டன்ல இருந்து போன் பண்ணி "மாமா, ஒருத்தர்கிட்ட டெஸ்ட் மேட்ச் டிக்கெட் ரெண்டு இருக்காம், அவரால போக முடியலையாம், வாங்கிடட்டுமா"ன்னு கேட்டான் பாருங்க, அப்பதான் சரி, இதுக்கு மேல வாயை மூடிட்டு இருந்தா தப்புன்னு தோணுச்சு. இங்கிலாந்துல இருக்கிற நம்மாளுங்க, இல்ல மேட்ச் பாக்க டூர் வர்றவங்க, இதைக் கொஞ்சம் முழுசா படிங்க.

நான் லெஸ்டர்ல இருக்கேன். 2021 ஆகஸ்ட்ல இந்தியா டீம் இங்க வந்தப்ப முதல் டெஸ்ட் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பிரிட்ஜ்ல. எங்க வீட்டுல இருந்து முக்கால் மணி நேரம் கார்ல. கொரோனாவால ஒன்றரை வருஷமா வீட்டுக்குள்ளயே கிடந்து, ஜூலைல தான் கட்டுப்பாடு எல்லாம் எடுத்து கிரவுண்டுல மறுபடி கூட்டம் உக்கார ஆரம்பிச்சிருந்துச்சு. எனக்கு நாலு நாளும் வேலை. நாலாவது நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஸ்கோர் பாக்குறேன், இந்தியா ஜெயிக்க 209 அடிக்கணும், 52க்கு 1, ரோஹித்தும் புஜாராவும் நிக்கிறாங்க, இன்னும் 157 ரன், கைல 9 விக்கெட். பும்ரா அந்த மேட்ச்ல மட்டும் 9 விக்கெட் எடுத்திருந்தான், அந்தப் பக்கம் இங்கிலாந்துக்கு ரூட் தனி ஆளா 109 அடிச்சு டார்கெட்டை அந்த அளவுக்குக் கொண்டு வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பையனுக்கு ஒன்பது வயசு, அவனுக்கு முதல் டெஸ்ட் மேட்ச். இதை விட்டா வேற எப்பன்னு மண்டைக்குள்ள ஏறிடுச்சு.

நம்ம ஊர்க்காரங்க வாட்ஸப் குரூப் ஒண்ணு இருக்கு, பழைய சோபா விக்கிறதுல இருந்து இட்லி மாவு விக்கிறது வரைக்கும் எல்லாம் அதுல தான் ஓடும். அங்க ஒருத்தன் போட்டிருந்தான், "அஞ்சாவது நாள் 3 டிக்கெட், நல்ல சீட், அவசரமா வெளியூர் போறேன்". ஒரு டிக்கெட் 65 பவுண்டு. டிக்கெட்ல அச்சடிச்ச விலை அதுல பாதி கூட இல்ல, அது எனக்கு அப்பவே தெரியும், ஆனா 157 ரன் 9 விக்கெட்ங்கிற கணக்கு முன்னாடி எந்தக் கணக்கும் எடுபடல. நான் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டேன், "நாளைக்கு மழைன்னு சொல்றாங்களே ப்ரோ?" அதுக்கு அவன் சொன்ன பதில் இன்னும் என் போன்ல இருக்கு. "கவலையே படாதீங்கண்ணா, ஒரு பால் கூட போடலைன்னா கிரவுண்ட்ல முழுப் பணமும் திருப்பிக் குடுத்துருவாங்க, நான் கேரண்டி."

அவன் பொய்யே சொல்லலங்க. அங்க தான் விஷயமே இருக்கு.

195 பவுண்டு பேங்க்ல இருந்து நேரா அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்துல மூணு டிக்கெட்டும் பிடிஎஃப்பா வந்துருச்சு. ஒரிஜினல் டிக்கெட். மறுநாள் கேட்ல பீப்னு சத்தம் கேட்டு உள்ள விட்டாங்க. அதனால "போலி டிக்கெட்"னு யாரும் கமெண்ட் போடாதீங்க, இது அது இல்ல.

உள்ள போயி உக்காந்தா பிட்ச் மேல கவர். மழைன்னா நம்ம ஊர் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீத்துட்டுப் போற மழை இல்ல, நசநசன்னு, விட்ட மாதிரி இருக்கும், கவரைத் தள்ளிட்டு சூப்பர் சாப்பர்னு தண்ணி உறிஞ்சற வண்டி ரெண்டு ரவுண்டு வரும், ஸ்டாண்டே எந்திரிச்சு கை தட்டும், அம்பயருங்க குடையோட நடந்து வருவாங்க, மறுபடி தூறும். இதே கதை தான் காலைல இருந்து. பையன் கொண்டு வந்த புளிசாதத்தை பத்தரைக்கே தின்னு முடிச்சுட்டான்.

எங்க பக்கத்து சீட்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், முப்பது வருஷமா இங்க மேட்ச் பாக்குறவராம். பின்னாடி நாலு பசங்க, சென்னைப் பசங்க. மழைல செய்ய வேற என்ன இருக்கு, சண்டை ஆரம்பிச்சது. பசங்க சொல்றது என்னன்னா, மழையைத் திட்டி என்ன பிரயோஜனம், ரெண்டு டீமும் ஒழுங்கா ஓவர் போட்டிருந்தா மேட்ச் நேத்தே ஒரு முடிவுக்குக் கிட்ட வந்திருக்கும். ஒரு நாளைக்கு 90 ஓவர்னு கணக்கு, மணிக்கு 15. எவன் போடுறான்? ஃபீல்டு மாத்த ஒரு மீட்டிங், க்ளவுஸ் மாத்த ஒருத்தன் ஓடி வருவான், தண்ணி பாட்டிலோட இன்னொருத்தன், சைட் ஸ்க்ரீன் பக்கம் எவனாவது நடந்தா அதுக்கு ரெண்டு நிமிஷம். பெரியவர் ஒத்துக்கல. "அது அப்பிடி இல்லத் தம்பி, எண்பதுகளில வெஸ்ட் இண்டீஸ் நாலு வேகப்பந்து வச்சுக்கொண்டு இதைவிட மெதுவாப் போட்டவங்கள், அப்ப ஆரும் ஒண்டும் கதைக்கேல்ல, மழையில போற ஓவர் தான் கூட"ன்னார். ரெண்டாவது நாளே வெளிச்சம் இல்ல, மழைன்னு பாதி நாளுக்கு மேல போயிருந்துச்சே, அதையும் எடுத்துப் போட்டார். 97க்கு விக்கெட்டே இல்லாம இருந்த நம்ம டீம் 125க்கு 4னு ஆகி நின்னது அன்னைக்குத் தான்.

அப்ப ஒரு பையன் சொன்னான் பாருங்க, "அஷ்வினை எடுத்திருந்தா ரெண்டு பிரச்சனையும் இல்ல சார்"னு. எல்லாரும் சிரிச்சுட்டோம், ஆனா யோசிச்சா அது ஒண்ணும் ஜோக் இல்ல. அதே வருஷம் ஆரம்பத்துல நம்ம ஊர்ல இதே இங்கிலாந்து கூட நாலு டெஸ்ட்ல 32 விக்கெட், சேப்பாக்கத்துல செஞ்சுரி வேற, இங்க வந்ததும் பெஞ்ச். அந்த சீரிஸ்ல 2021ல நடந்த நாலு டெஸ்ட்லயும் ஒண்ணுல கூட எடுக்கல. இந்தியா பும்ரா, ஷமி, சிராஜ், ஷர்துல்னு நாலு பேர், கூட ஜடேஜா. இங்கிலாந்து ஆண்டர்சன், பிராட், ராபின்சன், சாம் கரன், முழுநேர ஸ்பின்னரே கிடையாது. ஸ்பின்னர் ஒரு ஓவரை ரெண்டு ரெண்டரை நிமிஷத்துல முடிச்சிருவான், வேகப்பந்துக்காரன் ஒவ்வொரு பாலுக்கும் திரும்பி அவ்வளவு தூரம் நடக்கணும், நாள் பூரா அவங்களே போட்டா ஓவர் எப்படி ஓடும்? கடைசில என்ன ஆச்சு, அந்த மேட்ச்சுல ரெண்டு டீமும் தலா ரெண்டு ஓவர் குறைவா போட்டதுக்கு மேட்ச் ஃபீல 40 சதவீதம் அபராதம், டெஸ்ட் சாம்பியன்ஷிப்ல தலா 2 பாயிண்ட் கட். டிராவுக்குக் கிடைச்சதே ஆளுக்கு 4 பாயிண்ட், அதுல பாதி போச்சு. அந்த ரெண்டு ஓவரைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்னு நான் சொல்ல மாட்டேன், அது அபத்தம். ஆனா மழை வரும்னு தெரிஞ்ச ஊர்ல, மழை வரும்னு தெரிஞ்ச வாரத்துல, இவ்வளவு சாவகாசமா ஆடறாங்களேன்னு எரிச்சல் வரத்தான் செய்யும். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி தான் சவுத்தாம்ப்டன்ல நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல முதல் நாளும் நாலாவது நாளும் மொத்தமா மழைல போயிருந்துச்சு. அங்கயாவது ரிசர்வ் டே வெச்சிருந்தாங்க, ஆறாவது நாள் நியூசிலாந்து ஜெயிச்சது. இந்த மாதிரி சீரிஸ்ல அது கிடையாது.

மத்தியானம் தாண்டி அவ்வளவுதான்னு அறிவிச்சுட்டாங்க. ஒரு பந்து இல்ல. பையன் அழல, அதான் கஷ்டமா இருந்துச்சு, "பரவால்லப்பா கவர் இழுக்குறத பாத்தோம்ல"ன்னான்.

கெளம்புறப்ப பெரியவர் கேட்டார், "டிக்கெட் உங்கட பேரிலயோ?" இல்லைய்யா, ஒருத்தர்கிட்ட வாங்கினேன்னேன். அவர் ஒரு மாதிரி பாத்துட்டு சொன்னார், "அப்ப காசு அவருக்கெல்லோ போகும். ஆற்ற கார்டில வாங்கினதோ அவைக்குத்தான் குடுப்பினம்." அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவே இல்லைங்க.

வீட்டுக்கு வந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன். ரொம்ப மரியாதையா பதில், "கண்டிப்பாண்ணா, வந்ததும் அனுப்பிடுறேன்". ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா "இன்னும் வரலண்ணா". மூணாவது வாரம் "கார்டு மாத்திட்டேன், பழைய கார்டுக்குப் போயிருச்சு போல". அப்புறம் ரெண்டு நீல டிக் மட்டும். அப்புறம் அதுவும் இல்ல. குரூப்ல கேட்டப்ப தான் தெரிஞ்சது, அவன் எப்பவோ வெளிய போயிட்டான், யாருக்கும் அவனை நேர்ல தெரியாது, யாரோ ஒருத்தரோட ரூம்மேட்டோட ஃப்ரெண்டு. இன்னொரு அண்ணன் அப்பதான் வாயத் திறந்தார், அவருக்கும் அதே நாள் அதே ஆள் ரெண்டு டிக்கெட் வித்திருக்கான். அப்ப மொத்தம் அஞ்சு. குடும்பத்தோட போக வாங்கின டிக்கெட்டா அது?

கிரவுண்டுக்குப் போன் பண்ணேன். அந்தம்மா பொறுமையா கேட்டுட்டு, வாங்கினவர் கணக்குக்கு ஏற்கனவே போயிருச்சு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல, வெளில இருந்து வாங்கக்கூடாதுன்னு டிக்கெட் விதிலயே போட்டிருக்கு. பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பினீங்க, பொருள் வந்துச்சு, அது வேலை செஞ்சுச்சு, உள்ள போனீங்க, இதுல மோசடி எங்க இருக்குன்னு கேக்குறான். நியாயமான கேள்வி தானே. "திருப்பித் தருவாங்க"ன்னு அவன் சொன்னான், யாருக்குன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல.

இப்ப கணக்கைப் பாருங்க. சனிக்கிழமை ராத்திரி எல்லா ஆப்லயும் ஞாயிறு மழைன்னு தான் போட்டிருந்துச்சு. அவன் போக முடியாம வித்தான்னு நான் நெனச்சேன். மழை வரும்னு தெரிஞ்சதால வித்திருக்கான். ஆட்டம் நடந்தா ரெண்டு மடங்கு விலைக்கு வித்த லாபம். நடக்கலைன்னா அந்த லாபமும் அவனுக்கு, அவன் போட்ட முதலும் திரும்பி வந்துரும். எப்படி விழுந்தாலும் அவனுக்குத் தாயம். வானிலை மோசமா இருக்கிற நாளுக்கு எவனாவது கூடுதல் விலைக்கு டிக்கெட் விக்கிறான்னா சந்தேகமே வேண்டாம்.

வாங்கணும்னே இருந்தா நேரா கிரவுண்ட் சைட்ல உங்க பேர்ல, உங்க கார்டுல வாங்குங்க. சில கிரவுண்ட்ல அவங்களே ரீசேல் வசதி வெச்சிருக்காங்க, வர முடியாதவங்க அதுல விப்பாங்க, அதுல வாங்கலாம். எத்தனை ஓவருக்குக் கீழ நடந்தா எவ்வளவு திருப்பித் தருவாங்கன்னு விதில தெளிவா இருக்கும், காசு கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு பாராவை மட்டுமாவது படிச்சிருங்க. நெருங்கின ஃப்ரெண்டுகிட்ட வாங்கினா கூட, ரீஃபண்ட் வந்தா யாருக்குன்னு முன்னாடியே மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க. சங்கடமாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இன்னொண்ணு, இது வயித்தெரிச்சல், டிக்கெட் விதில எங்க தேடினாலும் இருக்காது. மழைல ஆட்டம் போனா யாருக்காவது பணம் திரும்பி வருது, ஆட்டக்காரங்க மெதுவா ஆடி போற ஓவருக்கு எவனும் பத்து பைசா தர மாட்டான். 2025 லார்ட்ஸ் டெஸ்ட் முதல் நாள் ஞாபகம் இருக்கா, மழை இல்ல, வெயில், அரை மணி நேரம் கூடுதலா ஆடியும் 83 ஓவர் தான் போட்டாங்க, இங்கிலாந்து 251க்கு 4, ரூட் 99ல நின்னுட்டுப் போனான். மீதி 7 ஓவர்? காசு கட்டி உக்காந்தவனுக்கு அந்த 7 ஓவர் திரும்பி வரப் போறதில்ல. மேட்ச் முடிஞ்சு இங்கிலாந்துக்கு 2 பாயிண்ட் கட், மேட்ச் ஃபீல 10 சதவீதம் அபராதம். அந்த அபராதக் காசு ஸ்டாண்டுல உக்காந்தவனுக்கா வருது? வாட்ஸப்காரன் என்கிட்ட 195 பவுண்டு அடிச்சான், அவனைத் திட்டவாவது முடியுது.

அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன். அவனை வாங்காதன்னு நேரா சொல்லல, சொன்னா கேக்குற வயசும் இல்ல. அந்த ஆள்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னேன், "பாதிப் பணம் இப்ப, மீதி அன்னைக்கு காலைல முதல் 15 ஓவர் முடிஞ்ச உடனே அனுப்புறேன், சரியா?" கேட்டிருக்கான். யோசிச்சுச் சொல்றேன்னாராம். இன்னைக்கு ரெண்டாவது நாள், இன்னும் யோசிச்சுட்டு தான் இருக்காரு.