யூர்-லெக்ஸ்: சட்டம் எல்லாம் இருக்கிறது, தடுத்தவர் பெயர் மட்டும் இல்லை

இணையதளத்துக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். கேளுங்கள். யூர்-லெக்ஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள், சட்டங்கள், சட்ட முன்மொழிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கும் அரசுத் தளம். காசு இல்லை, படிப்பதற்குக் கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை. ஒன்றியத்தின் 24 மொழிகளில் கிடைக்கும். ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் ஆண்-பெண் சமத்துவக் கொள்கை எப்படி உருவாகிறது, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று பார்க்க நான் திரும்பத் திரும்பப் போவது இங்கேதான். மகளிர் தினத்துக்கு வரும் பளபளப்பான அறிக்கைகளைப் படித்தால் 1957-லிருந்து எல்லாம் ஒரே ஏறுமுகம் போலத் தெரியும். மூல ஆவணங்களைப் படித்தால் அந்த நினைப்பு அரை மணி நேரம்கூடத் தாங்காது.

முதலில் தேடும் முறை. சாதாரணத் தேடல் பெட்டியில் பெண்கள், சமத்துவம் என்று ஆங்கிலத்தில் அடித்தால் மலை மாதிரி ஆவணங்கள் வந்து விழும், ஒன்றுக்கும் உதவாது. செலெக்ஸ் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒன்று உண்டு. 6, அப்புறம் 1975, அப்புறம் சி, ஜே என்ற இரண்டு ஆங்கில எழுத்து, கடைசியில் 0043; இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். முதல் எண் 6 என்றால் நீதிமன்றத் தீர்ப்பு, 3 என்றால் நிறைவேறிய சட்டம், 5 என்றால் இன்னும் முன்மொழிவு நிலையில் இருப்பது. பிறகு ஆண்டு, வகை, வரிசை எண். பழகிவிட்டால் எண்ணைப் பார்த்தே இது சட்டமா, சட்டமாக ஆசைப்பட்டதா என்று சொல்லிவிடலாம்.

மேலே சொன்ன எண்ணில் வருவது, கேப்ரியல் டெஃப்ரேன் வழக்கில் ஒன்றியத்தின் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, 8 ஏப்ரல் 1976. இந்தத் தளத்தில் ஒரே ஒரு ஆவணம்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டெஃப்ரேன், பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண். அதே வேலையைச் செய்த ஆண்களுக்குக் கூடுதல் சம்பளம், பெண்களுக்கு 40 வயதானால் வேலை முடிந்தது. இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்ட 1957 ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆம் பிரிவு சம வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்லியிருந்தது. பெண்கள் மேல் இருந்த பாசத்தில் எழுதிய பிரிவு அல்ல அது. பிரான்சில் சம ஊதிய விதி முன்பே இருந்தது, பக்கத்து நாட்டு ஆலைகள் பெண்களைக் குறைந்த கூலிக்கு வைத்துத் துணி நெய்து விற்றால் தங்கள் ஆலைகள் படுத்துவிடுமே என்ற பயம். நீதிமன்றமே இந்தப் பிரிவுக்கு இரட்டை நோக்கம் உண்டு, ஒன்று போட்டியைச் சமப்படுத்துவது, மற்றது சமூக நோக்கம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது.

பிரிவு எழுதியதோடு சரி, நாடுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1962 தொடக்கத்துக்குள் அமல்படுத்தியிருக்க வேண்டும். கெடு முடியப்போகும் நேரத்தில், 30 டிசம்பர் 1961 அன்று, உறுப்பு நாடுகள் கூடி 1964 கடைசி வரை தங்களுக்குத் தாங்களே அவகாசம் கொடுத்துக்கொண்டன. ஒப்பந்தத்தைத் தீர்மானம் போட்டெல்லாம் மாற்ற முடியாது என்று தீர்ப்பு சொல்கிறது. அந்தப் பிரிவை வைத்து ஒரு தனிநபர் நேரடியாகத் தன் நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறது. பெரிய வெற்றிதான். ஆனால் 69-ஆம் பத்தியிலிருந்து காற்று திசை மாறும். பழைய பாக்கியை எல்லாம் பெண்கள் கேட்டால் செலவு என்னாவது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் வந்து நிற்க, சில நிறுவனங்கள் திவாலாகக்கூடும் என்று நீதிமன்றமே யோசித்து, ஏற்கனவே வழக்குப் போட்டவர்களைத் தவிர மற்றவர்கள் தீர்ப்புத் தேதிக்கு முந்தைய காலத்துக்குக் கேட்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. நாடுகள் மேல் வழக்குப் போடாமல் சும்மா இருந்த ஐரோப்பிய ஆணையத்துக்கும் (சட்டங்களை முன்மொழியும் நிர்வாக அமைப்பு) ஒரு குட்டு. பதினான்கு வருடம் சட்டத்தை மதிக்காதவர்களுக்கு அந்தப் பதினான்கு வருட லாபம் தள்ளுபடி! டெஃப்ரேன் மொத்தம் மூன்று வழக்கு நடத்தி, ஓய்வூதியத்துக்கான 1971 வழக்கிலும், 40 வயது வரம்புக்கு எதிரான 1978 வழக்கிலும் தோற்றுப்போனார் என்பதையும் இதே தளத்தில் படிக்கலாம். கொண்டாட்டக் கட்டுரைகளில் அந்த இரண்டும் பெரும்பாலும் வருவதில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வசதி: நடைமுறைப் பக்கம். ஒரு முன்மொழிவு வந்த நாளிலிருந்து சட்டமான நாள் வரை (அல்லது செத்த நாள் வரை) தேதி வாரியாக வரிசையாகப் போட்டிருப்பார்கள். பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்களுக்கான சட்டத்தை எடுங்கள். ஆணையர் விவியன் ரெடிங் முன்வைத்தது 14 நவம்பர் 2012. ஐரோப்பிய நாடாளுமன்றம் 459-க்கு 148 என்று வாக்களித்து ஏற்றது நவம்பர் 2013. சட்டமாகக் கையெழுத்தானது நவம்பர் 2022. நடுவில் ஒன்பது ஆண்டுகள், உறுப்பு நாட்டு அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலில் கோப்பு தூங்கியது. ஜெர்மனி சம்மதிக்கவில்லை, நெதர்லாந்து சம்மதிக்கவில்லை, வெளியேறும் வரை பிரிட்டனும் இல்லை. 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஆட்சி மாறிய பிறகுதான் கோப்பு எழுந்து உட்கார்ந்தது.

இதில் ஒரு கூத்து. இது எங்கள் நாட்டு வேலை, பிரஸ்ஸல்ஸ் தலையிடக்கூடாது என்று ஆட்சேபக் கடிதம் அனுப்பிய நாடாளுமன்றங்களில் டென்மார்க்கும் சுவீடனும் உண்டு. பாலினச் சமத்துவக் குறியீட்டில் வருடா வருடம் முதல் வரிசையில் நிற்கிற அதே நாடுகள்தான். சமத்துவத்துக்கு எதிர்ப்பு என்றால் ஹங்கேரியும் போலந்தும் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தப் பெயர்களை ஒரு முறை பார்க்கட்டும். கத்துகிற எதிர்ப்பு ஒரு ரகம். சட்ட அடிப்படை சரியில்லை, செலவு அதிகம், உள்நாட்டு விஷயம் என்று கோட்டு சூட்டோடு வந்து உட்காரும் எதிர்ப்பு இன்னொரு ரகம், என் கணக்கில் இரண்டாவதுதான் அதிகம் சாதித்திருக்கிறது.

நிறைவேறிய சட்டத்தையும் முழுக்கப் படியுங்கள், தலைப்போடு நிறுத்தாதீர்கள். செயல்பொறுப்பு இல்லாத (அன்றாட நிர்வாகத்தில் இல்லாத) இயக்குநர்களில் 40 சதவீதம், அல்லது எல்லா இயக்குநர்களிலும் 33 சதவீதம், குறைந்த எண்ணிக்கையில் உள்ள பாலினத்தவர் இருக்க வேண்டும், கெடு 30 ஜூன் 2026. முதல் முன்மொழிவில் கெடு 2020-தான். 12-ஆம் பிரிவுக்குப் போனால், ஏற்கனவே 30 அல்லது 25 சதவீதத்தை எட்டிய நாடுகள், அல்லது அதற்குச் சமமான கட்டாய விதியைத் தாங்களே வைத்திருக்கும் நாடுகள், தேர்வு முறை பற்றிய விதிகளை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். ஒன்பது வருட இழுபறிக்கு விலை கொடுத்தது அந்தப் பிரிவில்தான்.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய சட்டம்: 8 மார்ச் 2022-இல் வந்த முன்மொழிவை ஒரு ஜன்னலிலும், 2024 மே மாதம் நிறைவேறிய 2024/1385 எண் சட்டத்தை இன்னொரு ஜன்னலிலும் திறந்து, இரண்டிலும் 5-ஆம் பிரிவுக்குப் போங்கள். முன்மொழிவில் அது பாலியல் வன்புணர்வு: சம்மதம் இல்லாத உறவு குற்றம், பெண் பேசாமல் இருந்தாள், எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று சொல்லிவிட முடியாது. நிறைவேறிய சட்டத்தில் 5-ஆம் பிரிவு, அந்தரங்கப் படங்களைச் சம்மதமின்றிப் பரப்புவது பற்றியது. அதுவும் தேவையான விதிதான், ஆனால் வன்புணர்வு குற்றப் பட்டியலிலிருந்தே காணாமல் போய்விட்டது. தடுத்தவர்களில் பிரான்சும் ஜெர்மனியும் முன்னணி. குற்றவியலில் ஒன்றியத்துக்கு இந்த அதிகாரம் இல்லை என்பது வாதம், கவுன்சிலின் சட்டப் பிரிவும் அதையே சொன்னது. மிச்சமாக 35-ஆம் பிரிவில், சம்மதத்தின் முக்கியத்துவத்தை மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று ஒரு கடமை நின்றது. அதே பிரான்ஸ் 2025 இலையுதிர்காலத்தில் தன் சொந்தச் சட்டத்தில் சம்மதத்தைச் சேர்த்துக்கொண்டது வேறு கதை.

செத்துப்போன கோப்புகளையும் தளம் தூக்கி எறிவதில்லை. மகப்பேறு விடுப்பை 14 வாரத்திலிருந்து கூட்ட 2008-இல் வந்த முன்மொழிவு இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஆணையம் 18 வாரம் கேட்டது, நாடாளுமன்றம் 2010-இல் முழுச் சம்பளத்தோடு 20 வாரம் என்று உயர்த்தியது, கவுன்சில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, 2015-இல் ஆணையமே வாபஸ் வாங்கியது.

சரி, குறைகள். பெரிய குறை ஒன்றுதான், அதற்குத் தளத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கவுன்சிலின் உள்குழுக்களில் எந்த நாடு எந்த வரியை வெட்டச் சொன்னது என்பது இங்கே இருக்காது. நடைமுறைப் பக்கத்தில் கவுன்சிலில் விவாதம் என்கிற மாதிரி ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். மேலே நான் சொன்ன நாட்டுப் பெயர்களில் பல செய்திகளிலிருந்து கிடைத்தவை. முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் நான்கு நெடுவரிசை அட்டவணை ஒன்று சுற்றும்: ஆணையம் கேட்டது, நாடாளுமன்றம் கேட்டது, கவுன்சில் கேட்டது, கடைசியில் சமரசம். எதிர்ப்பு எங்கே ஜெயித்தது என்று தெரிய அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அதைக் கேட்டால் மக்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், பொத்தாம்பொதுவாக மறுக்கக்கூடாது என்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் மார்ச் 2018-இல், டி கபிடானி வழக்கில், சொல்லியும் ஆயிற்று. ஆனாலும் அதற்குக் கவுன்சிலின் ஆவணப் பதிவேட்டுக்குத் தனியாகப் போய்த் தேட வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுப்பதற்கான இஸ்தான்புல் உடன்படிக்கையைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது அல்ல, ஐரோப்பிய கவுன்சில் (கவுன்சில் ஆஃப் யூரோப்) என்ற வேறு அமைப்பினுடையது, மேலே சொன்ன கவுன்சிலும் இதுவும் வேறு வேறு (பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்). ஒன்றியம் அதில் 2017-இல் கையெழுத்திட்டு 2023-இல் சேர்ந்த முடிவுகளும், எல்லா நாடும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்ற 2021 நீதிமன்றக் கருத்தும் இங்கே கிடைக்கும். துருக்கி 2021-இல் வெளியேறியதற்கும், 2023-இல் ஏற்று 2025-இல் விலக வாக்களித்துவிட்டுப் பிறகு தள்ளிப்போட்ட லாத்வியாவுக்கும் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

சட்ட மொழி தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு எளிய நடையில் சுருக்கங்கள் உண்டு. தொடங்குவதற்கு அவை போதும், ஆனால் சண்டையின் சுவடு எல்லாம் துடைத்த மாதிரி இருக்கும், அங்கேயே நின்றுவிடாதீர்கள். போனில் முயற்சி செய்யாதீர்கள், இரண்டு ஆவணத்தைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கக் கணினிதான் சரி. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இப்போதைக்கு 2023/970, அதாவது சம்பள வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் பக்கத்தைத் திறந்து, நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்த்த விவரம் உள்ள பகுதியைக் கவனித்து வாருங்கள். கெடு 7 ஜூன் 2026. யார் தாக்கல் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று நாடு வாரியாக அங்கே தெரியும். பெயர் சொல்லி மாட்டிவிடும் ஒரே பகுதி அதுதான்.