தேயிலைக்காரன் நாவில் ஒரு பிரெஞ்சு வைன்

பொங்கலுக்குப் பாரிஸிலிருந்து இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்த மைத்துனர் கொண்டுவந்த 'குடுலே த போகஸ்டெல்' என்ற சிவப்பு வைனை, தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவன் என்ற தகுதியில் மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

தென் பிரான்சில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள போகஸ்டெல் தோட்டத்தைப் பியேர் திராமியே என்பவர் 1909இல் வாங்கினார்; மருமகன் வழியாக அது பெரான் குடும்பத்துக்கு வந்து, இன்றும் அவர்களிடமே இருக்கிறது. அந்த வட்டாரத்துத் திராட்சைக் கொடிகளின் வேரை 1860களில் பிலாக்சரா என்ற பூச்சி தின்று தீர்த்தது. 1869இல் நம் மலைகளின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தெரியவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். இங்கே துரைமார் கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். 1950 முதல் அந்தத் தோட்டத்தில் இரசாயன உரமோ மருந்தோ இல்லை என்பதைப் படித்தபோது, முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து திரியும் நம் ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என்னை உண்மையில் கவர்ந்தது அவர்களின் செய்முறை. கையால் பறித்துக் காம்பு நீக்கிய திராட்சையின் தோலைச் சிறிது நேரம் 80 பாகை வரை சூடாக்கி, உடனே 20 பாகைக்குக் குளிரவைக்கிறார்கள். காற்றுப்பட்டுச் சாறு பழுப்பாவதற்குக் காரணமான நொதியை அந்தச் சூடு அழித்துவிடுகிறது, தோலின் நிறமும் சாற்றில் நன்றாக இறங்குகிறது. உருட்டிய கொழுந்து செம்புநிறத்துக்கு மாறுவதும் அதே வகை நொதியால்தான். நாங்கள் அதை வேண்டிய மட்டும் வேலை செய்யவிட்டு, பிறகு டிரையரில் போட்டு நிறுத்துகிறோம். அவர்கள் ஆரம்பத்திலேயே அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

கிரெனாஷ், மூர்வெத், சிரா, சான்சோ என்ற நான்கு திராட்சைகளின் கலவை இது. குளிரூட்டியில் வைக்கத் தேவைப்படவில்லை. ஹட்டனின் ஜனவரி மாலைக் குளிரே போதுமானதாக இருந்தது. முதல் கிளாஸில் கறுத்த பழமும் மிளகும் மணத்தன, ஆனால் அடித்தொண்டையில் கடுஞ்சாயத் தேநீர்போலத் துவர்த்தது. மிளகாய் தூக்கலான கோழிக்குழம்போடு குடித்தபோது கசப்பு மட்டுமே மிஞ்சியது. உறைப்புக் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நன்றாக ஒத்துப்போனது. அவசரமாகத் திறந்து ஊற்றியது எங்கள் பிழை. தக்கையை அடைத்து வைத்திருந்த போத்தலில் மறுநாள் மிஞ்சிய அரைக் கிளாஸில் அந்தத் துவர்ப்பு பெரும்பாலும் அடங்கியிருந்தது. அதை மைத்துனருக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன்.