தரங்கம்பாடியில் பரம்பரை வீடு வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டுக்குக் கொடுத்த 3,50,000 ரூபாய் இப்போதைக்குத் திரும்பி வராது என்பது நேற்று மாலை தெளிவாகிவிட்டது. அதே விளம்பரம் அதே படங்களுடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், ஆத்திரம் அடங்கும் வரை காத்திராமல் எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மனைவியின் பூர்வீகம் மயிலாடுதுறைப் பக்கம் என்பதால், பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலோரமாகப் போய் இருந்துவிடலாம் என்று வீடு, மனை விற்பனைக்கான ஓர் இணையதளத்தில் தேடினோம். ‘பரம்பரை வீடு, நேரடி உரிமையாளர்’ என்ற விளம்பரத்தின் அருகே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சைக் குறி இருந்தது. தொலைபேசி எண்ணைக் காட்டுவதற்கே அந்தத் தளம் கட்டணம் வாங்கியது. எண்ணை எடுத்தவரோ தரகர்.

வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். முற்றம், தேக்குத் தூண்கள், ஓட்டுக் கூரை எல்லாம் திடமாக இருந்தன. சுவரின் அடியில் மட்டும் உப்புப் பூத்து, விரல் பட்டதும் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடலாம் என்று தரகர் அளந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை. எங்களை நம்பவைத்தவர் வீட்டுக்காரப் பெரியவர்தான். தம் தந்தையார் பெயரில் இருந்த 1961-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தைப் பூஜை அறையிலிருந்து எடுத்துவந்து, “நீங்களே படித்துப் பாருங்கள் தம்பி” என்று கொடுத்தார். ஒப்பந்தத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்குடன் தாம்பாளத்தில் வைத்து, என் மனைவியிடம், “இனி இது உங்கள் வீடம்மா” என்றார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. காட்டிய வாரிசுச் சான்று நகலில் அவர் பெயரும் தம்பி பெயரும் மட்டுமே இருந்தன. பெரியவர் கணக்கில் 3,00,000, தரகர் கையில் 50,000, ஆக 3,50,000 ரூபாய்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றபோது, “கிரயத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் சார்” என்றார் தரகர். பிறகு ஆடி முடியட்டும் என்றார்கள். ஆடி முடிந்ததும், தம்பி சிங்கப்பூரிலிருந்து வரட்டும் என்றார்கள். வந்தது பெரியவரின் தங்கைகள் இருவர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ். தந்தை உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகள்களுக்கும் மகன்களோடு சமபங்கு உண்டு. உண்மையான வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள். எங்களிடம் காட்டியது ஒட்டுவேலை.

அதன்பின் பெரியவரின் பதில், “பணம் செலவாகிவிட்டது, வீடு விற்றதும் தருகிறேன்” என்பதுதான். எந்த வீட்டை, யாருக்கு விற்று? தரகர் என் எண்ணையே தடுத்துவிட்டார். இணையதளத்தின் வாடிக்கையாளர் சேவைப் பெண், விளம்பரதாரரின் தொலைபேசி எண் சரியானது என்பதற்கு மட்டுமே அந்தப் பச்சைக் குறி என்று, எழுதிவைத்ததைப் படிப்பதுபோல் சொன்னார். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். 3,50,000 ரூபாய் என்பது ஒரு சிறு பட்டறைக்கு எத்தனை மாத உழைப்பு என்பதை யாரிடம் சொல்வது?

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். உடன்பிறந்தவர்களின் பங்கைக் காட்டாது. வாரிசுச் சான்றை நகலில் பார்த்து நம்பாமல் தாசில்தார் அலுவலகத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பதிவாகும் முன் முன்பணம் வேண்டாம். வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வருமான வரிச் சட்டமே அதை அனுமதிப்பதில்லை. தரகுப் பணத்தைக் கிரயம் முடிந்த அன்று கொடுத்தால் போதும்.